ஏற்றுக்கூலி யார் கணக்கில்? செண்பகனூரில் ரேஷன் கடையும் மளிகைக் கடையும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில், வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் வருகிறது செண்பகனூர். சேசு சபையினர் 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியும் அங்குள்ள இயற்கை அருங்காட்சியகமும்தான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரின் அடையாளம். இங்கேயே குடியிருக்கும் குடும்பங்களுக்கு மாதம் பிறந்ததும் எழும் கேள்வி வேறு. எதை ரேஷனில் வாங்குவது, எதை மளிகைக் கடையில் வாங்குவது, எதற்காகப் பஸ் ஏறிக் கொடைக்கானல் சந்தைக்கோ கீழே வத்தலக்குண்டுக்கோ போவது?

இரண்டு கடைகளின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டிக் கழித்துவிட்டால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றும். சமவெளி ஊர்களில் அது ஓரளவு சரி. மலையில் அப்படி இல்லை. இங்கே விற்கும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் வளைவுகளைக் கடந்து ஏறி வந்தவை. லாரி வாடகை, டீசல், ஏற்றுக்கூலி, இறக்குகூலி எல்லாவற்றையும் யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ரேஷன் கடைக்கும் மளிகைக் கடைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இந்தக் கூலி யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

தலைச்சுமைக் காலம்

கொடைக்கானலில் 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஏரியை உருவாக்கினார். அப்போது வாகனம் ஏறும் சாலை கிடையாது. பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தாக ஏறிச் செண்பகனூரை வந்தடையும் பாதைதான் முக்கிய வழி. ஆங்கிலேயர்கள் அதைக் 'கூலி காட்' என்றே அழைத்தார்கள். வெள்ளைக்காரர்களை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தவர்களும், அவர்கள் வீட்டுச் சாமான்களைத் தலையில் சுமந்து வந்தவர்களும் நம் சனங்கள். மேஜர் லா என்ற பொறியாளரின் பெயரால் இன்றும் அறியப்படும் மலைச்சாலை 1910-களின் நடுவில்தான் முடிந்து திறக்கப்பட்டது.

தலைச்சுமைக் காலத்தில் மேலே விற்ற ஒரு படி அரிசியின் விலையில் சுமந்தவரின் கூலி எவ்வளவு என்பது வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். லாரி வந்த பிறகு அந்தக் கூலி மறையவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவே. கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையைச் சொல்கிறார் கடைக்காரர். அதில் பருப்பின் விலை எவ்வளவு, சாலையின் விலை எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

மலை ஏறினாலும் மாறாத விலை

ரேஷன் கடையின் முதல் சிறப்பு அங்கே இருக்கும் விலைப்பலகை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் பாக்கெட் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய் (மிக ஏழைகளுக்கான அந்த்யோதயா அட்டைக்கு 13 ரூபாய் 50 காசு). அரிசிக்கு விலையில்லை. சென்னை மயிலாப்பூரில் எழுதியிருப்பதும் இதுதான், செண்பகனூரில் எழுதியிருப்பதும் இதுதான், மலைக் கிராமங்களான பூம்பாறையிலும் மன்னவனூரிலும் எழுதியிருப்பதும் இதுதான். மேலே ஏற ஏறக் கூடாத விலை என்று இந்த மலையில் ஒன்று உண்டென்றால் அது இந்தப் பலகையில் இருப்பதுதான்.

இந்த விலைக்குப் பின்னால் நீண்ட அரசியல் வரலாறு இருக்கிறது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா சொன்னார். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி விற்கப்பட்டது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய் என்று கலைஞர் ஆட்சியில் இறங்கிய ரேஷன் அரிசி, ஜெயலலிதா ஆட்சியில் 2011 ஜூன் முதல் விலையில்லாமலேயே கிடைக்கிறது. வெளிச்சந்தை விலையேற்றத்தைச் சமாளிக்கப் பருப்பையும் பாமாயிலையும் தரும் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் 2007-இல் வந்தது. வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்துக் கதவை மூடாமல், அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் கொடுப்பதைத் தமிழ்நாடு விடவில்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் ஏற்றபோதும் அந்தப் பொதுத்தன்மையைக் காப்பாற்றிக்கொண்டது.

மலைவாசிகளுக்கு இந்த வரலாற்றில் தனியாக ஒரு லாபம் இருக்கிறது. அரசு தருவது பருப்புக்கான மானியம் மட்டும் இல்லை, சாலைக்கான மானியமும்தான். கிடங்கிலிருந்து ஏறும் லாரியின் வாடகை ரேஷன் பில்லில் வருவதில்லை. சமவெளிக் குடும்பத்துக்கு 30 ரூபாய்ப் பருப்பு எவ்வளவு மிச்சமோ, மலைக் குடும்பத்துக்கு அதைவிடக் கூடுதலாக மிச்சம். காரணம், மலை மளிகைக் கடையில் அதே பருப்பின் விலை கீழே இருப்பதைவிட உயர்ந்தே இருக்கும். ஒரே விலை என்ற விதி தொலைவில் இருப்பவருக்கே அதிகம் கொடுக்கிறது. அந்த விதியை எழுதியவர்கள் மலையை நினைத்து எழுதினார்களோ இல்லையோ, பலன் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மளிகைக் கடையில் இருப்பவை இரண்டு வகை விலைகள்

மளிகைக் கடையின் விலைகளை ஒரே கூடையில் போடக்கூடாது. சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் சரக்கின் விலை ஒரு வகை. அச்சிட்ட விலையோடு வரும் பாக்கெட் சரக்கின் விலை இன்னொரு வகை. மலைச்சாலை இந்த இரண்டிலும் வேறு வேறு விதமாக நுழைகிறது.

நிறுத்துக் கொடுக்கும் அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி, வெல்லம் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு கிடையாது. விருதுநகர் மொத்தச் சந்தையில் நிர்ணயமாகும் விலை, மதுரை கீழமாசி வீதி வழியாகவோ திண்டுக்கல் வழியாகவோ வந்து, வத்தலக்குண்டில் லாரி ஏறி, மலையில் இறங்குகிறது. ஒவ்வொரு கையும் தன் பங்கைச் சேர்க்கிறது. கடைசியாகச் சேருவது மலைச்சாலை. இந்தக் கூலியை முழுசாகக் கொடுப்பவர் வாங்குபவர்தான். கடைக்காரரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது. மாதம் சில மூட்டைகளே விற்கும் சின்னக் கடைக்கு முழு லாரிச் சரக்கு எடுக்க வழியில்லை. அரை மூட்டை, கால் மூட்டையாக எடுத்து ஏற்றும்போது கிலோவுக்கு விழும் வாடகை கூடத்தான் செய்யும்.

பாக்கெட் சரக்கின் கதை வேறு. சோப்பு, பற்பசை, பிஸ்கட், டீத்தூள் எல்லாவற்றிலும் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கிறது. எல்லா வரிகளும் உட்பட என்ற வாசகத்தோடு அந்த முறை 1990-இல் வந்தது. கன்னியாகுமரியில் விற்றாலும் கொடைக்கானலில் விற்றாலும் அந்தத் தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. "மலைக்கு மேலே கொண்டு வரணும்ல" என்று சொல்லிக் கூடுதலாக வாங்குவதும், குளிர்பானத்துக்குக் குளிர வைத்த கூலி என்று சேர்ப்பதும் சட்ட விரோதம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

விலை ஏற முடியாத இடத்தில் சாலை வேறு உருவத்தில் வந்து உட்காருகிறது. முகவரின் வண்டி வராத கடைக்குக் கடைக்காரரே போய்ச் சரக்கு எடுத்து வருகிறார். அந்தச் செலவு அவருடைய லாபத்திலிருந்து போகிறது. ஆகவே வேகமாக விற்பதை மட்டும், சின்ன அளவில் மட்டும் எடுத்து வருகிறார். அலமாரியில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் நிறைந்திருக்கும். ஒரு கிலோ பாக்கெட்டோ சலுகை விலைப் பெரிய பாக்கெட்டோ இருக்காது. அச்சிட்ட விலையில்தான் வாங்குகிறோம், ஆனால் கிராமுக்குக் கணக்குப் போட்டால் கூடக் கொடுத்திருப்போம். இந்த இடத்தில் சாலையின் கூலி நம்முடைய தேர்வைச் சுருக்கி எடுத்துக்கொள்ளப்படுகிறது.

எல்லாச் சின்னப் பாக்கெட்டும் நட்டம் என்றும் சொல்ல முடியாது. கடலூரில் பிறந்த ஷாம்பு சாஷே வியாபாரத்தில், ஒரு ரூபாய்ச் சாஷேக்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் பாட்டிலைவிட மலிவாக இருப்பது உண்டு. டீத்தூளிலும் சோப்புத்தூளிலும் பெரும்பாலும் தலைகீழ். இப்படிப் பொருளுக்குப் பொருள் மாறுவதால்தான் கிராமுக்கு விலை என்ற கணக்கு தேவைப்படுகிறது. பாக்கெட்டின் மீது ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ எவ்வளவு என்பதையும் அச்சிட வேண்டும் என்ற திருத்தம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியைப் படிக்கப் பழகுவது எந்தத் தள்ளுபடியையும்விடப் பயன் தரும்.

வரியும் இந்த ஒப்பீட்டுக்குள் வருகிறது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட் போட்டுப் பெயரிட்டு விற்கும் அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுத்தால் இல்லை. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டுக் கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 சதவீதத்துக்குக் குறைந்தது. சரக்கு மெதுவாக விற்கும் மலைக் கடையில் பழைய விலை அச்சிட்ட இருப்பு தீரவும் நாளாகும். வரி குறைந்த செய்தி மலை ஏறும் வேகமும், குறைந்த விலை மலை ஏறும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை.

பில்லில் வராத நான்கு செலவுகள்

இதுவரை பார்த்தது எழுதிய விலை. குடும்பம் உண்மையில் கொடுப்பதில் வேறு நான்கு சேர்கின்றன: நேரம், எடை, கடன், நிச்சயம்.

நேரத்தில் ரேஷன் கடை தோற்கிறது. கடை திறக்கும் நாள், சரக்கு வந்த நாள், விரல்ரேகை இயந்திரத்துக்குச் சிக்னல் கிடைக்கும் நேரம் மூன்றும் ஒத்து வரவேண்டும். பருப்பு ஒரு நாள், பாமாயில் இன்னொரு நாள் என்று வந்தால் இரண்டு நடை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அரை நாள் இழப்பு சின்ன விஷயம் இல்லை. நூறு நாள் வேலையின் கூலியையே அளவாக எடுத்தால், 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அறிவித்த 336 ரூபாயில் பாதி 168. ஒரு கிலோ பருப்பில் மிச்சமாவதைவிட அது அதிகமாகக்கூட இருக்கலாம். மளிகைக் கடை காலை ஆறரைக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடுகிறது. அடுப்பில் உலை கொதிக்கும்போது பிள்ளையை அனுப்பி நூறு கிராம் பருப்பு வாங்கலாம்.

எடையில் இரண்டு பக்கமும் புகார் உண்டு. ரேஷனில் எடை குறைவு என்பது தமிழ்நாடு முழுவதும் கேட்கும் முறையீடு. 1967 என்ற எண்ணும் 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணும் இத்தகைய ரேஷன் புகார்களுக்காக இருக்கின்றன. மளிகைக் கடையில் தராசு கண் முன்னால் இருக்கிறது. ஆனால் பத்து ரூபாய்க்குக் கொடுங்க என்று பணத்தைச் சொல்லி வாங்கும்போது எத்தனை கிராம் வந்தது என்று பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. எடையைச் சொல்லி வாங்கினால் விலை தெரியும். பணத்தைச் சொல்லி வாங்கினால் எடை மறைந்துவிடும்.

கடனில் மளிகைக் கடைக்கு நிகர் எதுவும் இல்லை. ரேஷனில் தொகை சின்னது, ஆனால் அன்றைக்கே கொடுக்க வேண்டும். அண்ணாச்சி கடையின் பற்று நோட்டில் எழுதிவிட்டுச் சனிக்கிழமை கூலி வந்ததும் கொடுக்கலாம். மழைக்காலத்தில் தோட்ட வேலை இல்லாமல் போகும் வாரங்களில் இந்த நோட்டுதான் பல வீடுகளில் அடுப்பு எரியக் காரணம். வட்டி என்று எழுதுவதில்லை. அது விலைக்குள்ளேயே இருக்கிறது. பற்று வைத்திருப்பவர் வேறு கடைக்குப் போய் மலிவாக வாங்கவும் தயங்குவார். ஆகவே ஒப்பிட்டு வாங்கும் உரிமை, ரொக்கம் கையில் இருப்பவருக்கே முழுசாகக் கிடைக்கிறது. ஏழைக்குக் கூடுதல் விலை விழுவதற்கு அறியாமை காரணம் இல்லை. ரொக்கமும் பெரிய பாக்கெட் வாங்கும் வசதியும் இல்லாததே காரணம்.

நிச்சயம் என்பது ஆபத்துக் காலத்தில்தான் தெரியும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்தபோது கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து, சாலை அடைபட்டு, மின்சாரமும் போனது. அப்படிப்பட்ட நாள்களில் பக்கத்துக் கடையில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் மூட்டைதான் உணவு. விலையில்லா அரிசி கிடங்கில் இருந்தாலும் சாலை திறந்த பிறகுதான் வரும். சாலை நன்றாக இருந்த 2024 மே, ஜூன் மாதங்களிலும் மாநிலம் முழுவதும் ரேஷனில் பருப்பும் பாமாயிலும் தாமதமானதை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இல்லாத பொருளுக்கு 30 ரூபாய் என்று எழுதியிருப்பதால் பயன் இல்லை. அந்த மாதங்களில் மளிகைக் கடை விலைதான் எல்லோருக்கும் உண்மையான விலையாக இருந்தது.

ஒரு மாதக் கணக்கு

நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் பாமாயில், இரண்டு கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரேஷனில் கொடுப்பது 30-ம் 25-ம் 50-ம் சேர்த்து 105 ரூபாய். வெளியே பருப்பு 120, பாமாயில் 120, சர்க்கரை 45, சாதாரண அரிசி 40 என்று கணக்குக்காக எடுத்தால் அதே சரக்கு 1,130 ரூபாய். மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம். துவரம் பருப்பு 150 ரூபாயைத் தாண்டிய 2023 கடைசி, 2024 மாதங்களில் இந்த இடைவெளி இன்னும் விரிந்தது. இரண்டு அரை நாள் கூலி போனாலும் ரேஷன் கடை தெளிவாகவே ஜெயிக்கிறது.

ஆனால் அந்தச் சரக்கோடு மாதம் முடிவதில்லை. ஒரு கிலோ பருப்பு பத்துப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துபோகும். பல வீடுகளில் ரேஷன் புழுங்கலை இட்லி, தோசை மாவுக்கு வைத்துக்கொண்டு சோற்றுக்குப் பொன்னி வாங்குகிறார்கள். உளுந்து, புளி, மிளகாய், கடலை எண்ணெய், சோப்பு எதுவும் ரேஷன் மானியத்தில் இல்லை. கேஸ் சிலிண்டரின் விலையும் போக்குவரத்துச் செலவுக்கு ஏற்ப ஊருக்கு ஊர் மாறும் விலைதான். கூட்டிப் பார்த்தால் மலைக்கூலி இல்லாத சரக்கு குடும்பச் செலவின் ஒரு பகுதி மட்டுமே. மீதி முழுவதிலும் சாலை ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அந்த மீதிக்காகக் கீழே போய் வாங்கினால் லாபமா? கீழே கிலோவுக்கு 4 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொண்டால் 26 கிலோ மூட்டையில் 104 ரூபாய் மிச்சம். போக வரப் பஸ் கட்டணம், மூட்டைக்கு லக்கேஜ், ஒரு நாள் கூலி மூன்றையும் கழித்தால் அந்த 104 நிற்காது. வேறு வேலையாக இறங்குபவர் வரும்போது வாங்கி வந்தால் லாபம். அதற்காகவே இறங்கினால் நட்டம். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு வண்டியில் இரண்டு மாதச் சரக்கை ஏற்றினால் மீண்டும் லாபம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் பயணம் மலைப்பகுதிகளுக்கும் விரிவாகும் என்று 2024-25 மாநில நிதிநிலை அறிக்கை சொன்னது. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய் வரும் பெண்ணுக்கு, அது எந்த விலைக்குறைப்பையும்விட நேரடியான விலைக்குறைப்பு. பஸ் கட்டணம் காய்கறி விலையின் ஒரு பகுதி என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

இறங்கும் சரக்குக்கும் அதே சாலை

இந்த ஒப்பீட்டில் மனம் பொறுக்காத பகுதி ஒன்று உண்டு. செண்பகனூர்க் கடை வாசலைக் கடந்து லாரிகள் மேலே ஏறுவது போலவே, மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்துக் காரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைக்கோஸ் ஏற்றிய வண்டிகள் கீழேயும் இறங்குகின்றன. அவை போய்ச் சேருவது ஒட்டன்சத்திரம், மதுரை மொத்தச் சந்தைகளுக்கு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கி அங்கேதான் விலை பேசப்படுகிறது.

கீழிருந்து வரும் பருப்புக்கு ஏற்றுக்கூலியை மலைவாசி கொடுக்கிறார், ஏனென்றால் அவர் வாங்குபவர். மேலிருந்து போகும் காரட்டுக்கு இறக்குகூலியையும் மலைவாசியே கொடுக்கிறார், ஏனென்றால் சந்தை விலையிலிருந்து வண்டி வாடகையும் தரகும் கழித்த மீதிதான் விவசாயி கைக்கு வருகிறது. வாங்கும்போது சாலைச் செலவு கூட்டப்படுகிறது, விற்கும்போது கழிக்கப்படுகிறது. இரண்டு முறையும் ஒரே பக்கம்தான் கொடுக்கிறது. அதனால்தான் ரேஷன் கடையின் ஒரே விலையை இனாம் என்று பேசுவது மலையில் எடுபடாது. இருபுறமும் கூலி கொடுக்கும் சனங்களுக்கு ஒரு சின்னப் பகுதி திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

இந்த மண்ணில் விளையும் காய்கறியில் மட்டும் கணக்கு திரும்ப வாய்ப்பு உண்டு. கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், விளைவித்தவரிடமே வாங்கினால் இரண்டு பயணமும் மிச்சம். கீழே போய் மொத்தச் சந்தையில் கைமாறித் திரும்பி ஏறிய காய் என்றால் ஒரே சாலைக்கு இரண்டு முறை கூலி கொடுத்தவர்கள் ஆவோம். எங்கே விளைந்தது என்று கேட்டு வாங்குவது இந்த ஊரில் சிக்கனத்தின் முதல் விதி.

வெளியே ஓர் எடுத்துக்காட்டு

தொலைவுக்கு யார் விலை கொடுப்பது என்ற கேள்வி நம்முடையது மட்டும் இல்லை. கனடாவின் வடகோடியில், ஆண்டு முழுவதும் தரைவழியில் சரக்கு போக முடியாத குடியிருப்புகளுக்காக 2011-இல் நியூட்ரிஷன் நார்த் கனடா என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அங்கே அரசு மானியத்தைக் கடைக்காரர்களுக்குக் கொடுத்து, விலையைக் குறைத்து விற்கச் சொல்கிறது. 2014-இல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் ஆராய்ந்தபோது, மானியம் முழுவதும் வாங்குபவருக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை அரசு சரிபார்க்கவில்லை என்று அறிக்கை தந்தார்.

நம் முறையில் அந்தச் சிக்கல் இல்லை. மானியம் விலைப்பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. 30 ரூபாய்க்கு மேல் கேட்டால் சின்னப் பிள்ளைகூடத் தவறு என்று சொல்லும். ஆனால் கனடாத் திட்டத்தின் பட்டியலில் பால், காய்கறி, பழம், இறைச்சி என்று சத்துணவு பலவும் இருக்கின்றன. நம் பலகையில் அரிசியும் சர்க்கரையும் பாமாயிலும்தான் பெரிய இடம் பிடித்திருக்கின்றன. புரதத்துக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு. விலையின் தெளிவில் நாம் முன்னால் இருக்கிறோம், பொருளின் பரப்பில் பின்னால் இருக்கிறோம்.

இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது

ரேஷன் கடை மலிவானது, மளிகைக் கடை நெருக்கமானது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று இல்லை. ரேஷன் இல்லாவிட்டால் மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போகும். மளிகைக் கடை இல்லாவிட்டால் ரேஷன் சரக்கு தீர்ந்த பதினைந்தாம் நாள் பற்று வாங்க இடம் இருக்காது. குடும்பத்துக்குப் பயன்படும் வழி எளிது. ரேஷனில் கிடைப்பதை ஒரு மாதமும் விடாமல் வாங்குவது. அச்சிட்ட விலை உள்ளதைப் பக்கத்துக் கடையிலேயே, கிராமுக்கு விலை பார்த்து வாங்குவது. மூட்டையாக வாங்கக்கூடியதை அக்கம்பக்கத்து வீடுகளோடு சேர்ந்து கீழிருந்து ஏற்றுவது. காய்கறியை விளைவித்தவரிடம் வாங்குவது.

அரசு செய்யவேண்டியது இன்னும் பெரிது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடி ரேஷன் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. கடையிலிருந்து வீடு வரையுள்ள தூரமும் விலையின் ஒரு பகுதி என்பதை அரசு இதன்மூலம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே நியாயத்தை இன்னும் சில படி நீட்டவேண்டும். மலைப்பகுதி அட்டைகளுக்குப் பருப்பு இரண்டு கிலோவாகவேண்டும். உளுந்து மீண்டும் பட்டியலில் சேரவேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே இரண்டு மாதச் சரக்கு மலைக் கிடங்குகளில் இறங்கியிருக்கவேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் மலைக் காய்கறியை மலையிலேயே விற்கக் கூட்டுறவுக் கடைகளில் இடம் தரவேண்டும்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு செண்பகனூர்ப் பாதையில் சுமை தூக்கியவர்கள் மலையில் மற்றவர்கள் வாழ்வதற்கான கூலியைத் தங்கள் உடம்பால் கொடுத்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதை மளிகைக் கடை பில்லில் கொடுக்கிறார்கள். மலையில் வாழ்வதற்காக ஒருவர் பருப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கவேண்டியதில்லை என்று ரேஷன் கடை நிரூபித்திருக்கிறது. நான்கு பொருளுக்கு முடிந்தது எட்டுப் பொருளுக்கு ஏன் முடியாது என்று கேட்பது மலைமக்களின் உரிமை. அதற்குப் பதில் சொல்வது அரசின் கடமை.